கேட்டே கற்பித்த கிரேக்க ஆசான்



சாக்ரட்டீஸ் என்னும் பெயரை நம் தோட்டத்து மூத்தோர் பலர் முதன்முதலில் அறிந்தது பாடநூலின் வாயிலாக அன்று; திடலில் இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத் திரையின் வாயிலாகத்தான். 1956-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ராஜா ராணி’ என்னும் திரைப்படத்தில், கலைஞர் மு. கருணாநிதி எழுதிய உரையாடலைப் பேசி, நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சாக்ரட்டீசாகத் தோன்றினார். நஞ்சுக் கோப்பையை ஏந்தி நின்ற அந்தக் காட்சியைக் கண்டு வந்தவர்கள், அவ்வசனத்தைப் பல ஆண்டுகள் வரை பேசிக் காட்டுவதுண்டு. ஆகவே அப்பெரியார் எவ்வாறு இறந்தார் என்பது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. அவர் எவ்வாறு வாழ்ந்தார், எவ்வாறு கற்பித்தார், எத்தகைய நண்பர்களைப் பெற்றிருந்தார் என்பதையே இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், கி.மு. 469-ஆம் ஆண்டு வாக்கில் சாக்ரட்டீஸ் பிறந்தார். தந்தையார் சோப்ரோனிஸ்கஸ் கல் தச்சர். தாயார் பினாரெட்டி பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி. இருவருமே கைத்திறனால் பிழைத்தவர்கள். செல்வமோ பெருங்குடிப் பெயரோ அவருக்கு வாய்க்கவில்லை. தோற்றமும் எடுப்பானதன்று, சப்பை மூக்கும், பிதுங்கிய கண்களும், பருத்த வயிறும் உடையவர் என்று அவருடைய மாணாக்கர்களே எழுதி வைத்திருக்கின்றனர். கோடையிலும் குளிரிலும் ஒரே மேலாடைதான். காலில் பெரும்பாலும் செருப்பு இராது.

அவரைத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த முதியவர் என்று எண்ணிவிடுதல் கூடாது. போட்டிடேயா, டீலியம், அம்பிபோலிஸ் ஆகிய மூன்று போர்க்களங்களில் அவர் காலாட்படை வீரராக நின்று போரிட்டவர். போட்டிடேயாவில் காயமுற்று வீழ்ந்த அல்சிபியாடிஸ் என்னும் இளைஞனை விட்டு அகலாமல் காத்து நின்றார். அதற்குரிய வீரப் பரிசு தமக்கு வந்தபோது, அதனை அவ்விளைஞனுக்கே அளிக்குமாறு வற்புறுத்தினார். அதே பாசறையில், ஒரு நாள் காலை ஏதோ ஒரு சிந்தனையில் ஆழ்ந்து நின்றவர், நண்பகலாகியும், மாலையாகியும், இரவு கழிந்தும் நின்ற இடத்திலேயே நின்றார் என்றும், மறுநாள் கதிரவன் எழுந்ததும் அதனைத் தொழுதுவிட்டு நடந்தார் என்றும் கூறுவர். வீரர்கள் சிலர் வெளியே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அவரைக் கவனித்திருந்தனராம்.

சாக்ரட்டீஸ் ஒரு நூலும் எழுதவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றும் கட்டவில்லை. அவரைப் பற்றி நாம் அறிவன யாவும் மாணாக்கர்களான பிளேட்டோ, செனோபன் ஆகியோரும் பிறரும் எழுதி வைத்தவையே. ஆசிரியர் சொன்னது எது, மாணாக்கர் தம் கருத்தைச் சேர்த்தது எது என்பது குறித்து அறிஞர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். அவர் கற்பித்த இடம் சந்தைத் திடலும், உடற்பயிற்சிக் கூடங்களும், தொழிலாளர்களின் பட்டறைகளுமே. சைமன் என்னும் செருப்புத் தைப்பவரின் கடையில் அமர்ந்து அவர் உரையாடுவது வழக்கம் என்று பழைய நூலொன்று கூறுகின்றது. கடந்த நூற்றாண்டில் ஏதென்ஸ் சந்தைத் திடலின் ஓரத்தை அகழ்ந்தபோது, செருப்புக்கு அடிக்கும் சிற்றாணிகள் நிறைந்த வீடொன்றும், சைமனுடையது என்று பெயர் பொறித்த கோப்பையின் அடிப்பகுதியும் கிடைத்தன. அது அந்தச் சைமனின் கடையாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். தோல் நாற்றம் வீசும் ஒரு சிறு கடை உலகத்தின் தலைசிறந்த வகுப்பறைகளுள் ஒன்றாக விளங்கியிருக்கின்றது! நம் பள்ளிக் கூரை ஒழுகுகின்றதே என்று ஏங்கிய நாள்களில் இச்செய்தி நமக்கு ஆறுதல் அளித்ததுண்டு.

அந்நாளில் ஏதென்சில், பேச்சுக் கலையையும் பிற கலைகளையும் கற்பித்துப் பெரும் பொருள் ஈட்டிய ஆசிரியர்கள் பலர் இருந்தனர். சாக்ரட்டீஸ் எவரிடமும் கட்டணம் பெறவில்லை. கற்பிப்பதாகவும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அன்னையாரின் தொழிலையே தாமும் செய்வதாகக் கூறுவாராம். மருத்துவச்சி குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. குழந்தை தாயினுடையது, பிறப்பதற்குத் துணை நிற்பதே அவள் பணி. அவ்வாறே எண்ணமும் மாணவனுடையது. அது வெளிவரும் வரை பொறுமையுடன் வினாத் தொடுப்பதே தம் பணி என்பது அவர் கருத்து.

இம்முறை எவ்வாறு இயங்கியது என்பதற்குப் பிளேட்டோ தரும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூறுவோம். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்வது நலம். மெனோ என்னும் செல்வர் வீட்டு இளைஞர் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்த சாக்ரட்டீஸ், அவருடன் வந்திருந்த அடிமைச் சிறுவன் ஒருவனை அருகில் அழைத்தார். எழுத்தறிவும் கணக்கறிவும் பெறாத சிறுவன். பக்கம் இரண்டடியுள்ள சதுரம் ஒன்றை வரைந்து காட்டினார். அதன் பரப்பு நான்கு சதுர அடி என்பதைச் சிறுவனே கூறினான். அப்படியாயின், இதனைப் போல் இருமடங்கு, அதாவது எட்டுச் சதுர அடி பரப்புள்ள சதுரத்திற்குப் பக்கம் எவ்வளவு என்று வினவினார். பரப்பு இருமடங்கு என்றால் பக்கமும் இருமடங்கு, நான்கடி என்று சிறுவன் தயங்காமல் விடையளித்தான்.

தவறு என்று சாக்ரட்டீஸ் சொல்லவில்லை. நான்கடிச் சதுரத்தை வரையச் செய்து எண்ணச் செய்தார். பதினாறு வந்தது. எட்டுக்குப் பதில் பதினாறா? சிறுவன் சிந்தித்தான். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே மூன்றடி என்றான். அதனையும் எண்ணினர். ஒன்பது. அப்பொழுதுதான் அச்சிறுவன் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான். சாக்ரட்டீஸ் மெனோவின் பக்கம் திரும்பி, இவன் நிலை இப்பொழுது முன்னைவிட மேம்பட்டிருக்கின்றது என்று சுட்டிக் காட்டினார். முன்னர்த் தெரியாமலே தெரிந்ததாக எண்ணியிருந்தான், இப்பொழுது தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டான், இனித் தேடுவான்.

பின்னர், பதினாறு சதுர அடிச் சதுரத்தை நான்கு சம சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். அந்நான்கு கோடுகளும் சேர்ந்து நடுவே ஒரு சாய்ந்த சதுரமாயின. ஒவ்வொரு கோடும் நான்கைப் பாதியாக வெட்டுகின்றது. பாதி இரண்டு; அத்தகைய பாதிகள் நடுவில் நான்கு; ஆக எட்டு! தேடிய பக்கம் முதற் சதுரத்தின் மூலைவிட்டமே என்பதைச் சிறுவன் தானே கண்டான். வரைந்து பாருங்கள், மாணவர்களே. கூட்டுவதைத் தவிர வேறொன்றும் இதற்குத் தேவையில்லை. அந்த அடிமைச் சிறுவனின் பெயரைப் பிளேட்டோ எழுதவில்லை என்பது நமக்குச் சிறிது வருத்தமே.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்தோறும் நம் உள்ளத்தில் ஒரு முள் தைக்கும். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து ஒரு தோட்டப் பள்ளியில் பணியேற்ற தொடக்க ஆண்டுகள் அவை. பின்னக் கணக்கை விளக்கிவிட்டு, விளங்கிற்றா என்று கேட்போம். விளங்கிற்று ஐயா என்று வகுப்பே ஒரு குரலில் முழங்கும். ஒரு நாள் ஒரு மாணவன் மட்டும் எழுந்து நின்று, தனக்கு விளங்கவில்லை என்றான். முன்னர்ச் சொன்னதையே இன்னும் உரத்த குரலில் சொன்னோம். மீண்டும் விளங்கவில்லை என்றான். மூன்றாம் முறை அவனை உட்காரச் சொன்னோம். பாடத்திட்டம் முடிய வேண்டும், மணியும் அடிக்கப் போகின்றது; வேறென்ன செய்வது என்று அன்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். அதன்பின் அவன் எழுந்து கேட்டதே இல்லை. மற்றவர்களுடன் சேர்ந்து விளங்கிற்று ஐயா என்று அவனும் சொல்லப் பழகிக்கொண்டான். பள்ளியை விட்ட சில ஆண்டுகளில் தந்தையாருடன் பால்மரம் வெட்டச் சென்றான். நம்மை வழியில் கண்டால் மிதிவண்டியை விட்டிறங்கி நின்று வணங்குவான். வகுப்பில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

தமிழில் கேள்வி என்னும் ஒரே சொல், செவியால் கேட்பதையும் வாயால் வினவுவதையும் சேர்த்தே குறிக்கும். வள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துவது முன்னதை. சாக்ரட்டீசிடம் இவ்விரண்டும் பிரியாமல் இருந்தன. வினவிவிட்டு அவர் செவிசாய்த்தார். நாம் பல காலம் வினவிவிட்டு, செவியை மூடிக்கொண்டோம்.

இனி அவர் இல்லறத்தையும் நட்பையும் காண்போம். மனைவி சாந்திப்பி, ஆண்மக்கள் மூவர். சாந்திப்பி அம்மையாரைச் சிடுமூஞ்சி என்று கூறும் வேடிக்கைக் கதைகள் உலகெங்கும் உலவுகின்றன. அவற்றை இங்கு எழுத நமக்கு விருப்பமில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு காசும் வாங்காமல் ஊருக்கெல்லாம் கற்பித்த கணவருடன் குடித்தனம் நடத்திய பெண்ணின் துன்பத்தைக் கதை கட்டியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சாக்ரட்டீஸ் எண்ணிப் பார்த்திருக்கின்றார். மூத்த மகன் லாம்ப்ரோகிளிஸ் ஒரு முறை தாயின் மீது சினங்கொண்டிருந்தான். அம்மாவின் கடுஞ்சொல்லை எவராலும் பொறுக்க முடியாது என்றான். தந்தை அவனை அதட்டவில்லை. நன்றி மறப்பது நியாயமா, பெற்ற உதவி பெரிதாக ஆக மறப்பதும் பெருங்குற்றம் ஆகாதா என்று ஒவ்வொன்றாக வினவினார். வயிற்றில் சுமந்து, உயிருக்கு அஞ்சிப் பெற்று, இன்னாரிடம் உதவி பெறுகின்றோம் என்றே அறியாத பச்சிளங்குழந்தைக்கு இரவு பகலாகப் பாலூட்டிக் காப்பவள் யார் என்று கேட்டார். நாடக மேடையில் ஒருவரையொருவர் எத்துணை கொடுமையாக ஏசிக்கொண்டாலும் நடிகர்கள் வருந்துவதில்லை, உள்ளத்தில் தீங்கில்லை என்று அறிந்திருப்பதனால். அவ்வாறிருக்க, தன் நலத்தையே நாடும் தாயின் சொல்லுக்கு நீ வருந்தலாமா என்றும் வினவினார். செனோபன் இதனை எழுதியிருக்கின்றார்.

நட்பைப் பற்றியும் செனோபன் ஒரு செய்தி கூறுகின்றார். மக்கள் தம் உடைமைகள் எத்துணை மிகுதியாயினும் அவற்றின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகின்றனர். நண்பர்கள் எத்தனை பேர் என்றால், எண்ணத் தொடங்கிப் பாதியிலே சில பெயர்களை நீக்கிவிடுகின்றனர் என்று சாக்ரட்டீஸ் வியப்பாராம்.

அவருடைய நட்பு இன்சொல்லோடு நிற்கவில்லை. உள்நாட்டுக் கலகம் ஒன்றின்போது, அரிஸ்டார்க்கஸ் என்னும் நண்பரின் வீட்டில் உடன்பிறந்தாரும் உறவுப் பெண்களும் அடைக்கலம் புகுந்தனர். ஒரே வீட்டில் பதினான்கு பேர். நிலத்திலிருந்து வருவாய் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. அரிஸ்டார்க்கஸ் முகம் வாடியிருப்பதைக் கண்ட சாக்ரட்டீஸ், ஊரில் இன்னொருவர் பலருக்குச் சோறிட்டும் செல்வராக விளங்குவது எவ்வாறு என்று கேட்டார். அவர் வீட்டில் இருப்போர் அடிமைகள், வேலை செய்கின்றனர். என் வீட்டில் இருப்போர் உயர்குடிப் பெண்கள் என்றார் நண்பர். உயர்குடியில் பிறந்தால் உண்பதும் உறங்குவதும் மட்டுமே செய்யத்தக்க செயல்களா என்று சாக்ரட்டீஸ் வினவினார். அரிஸ்டார்க்கஸ் கடன் வாங்கிக் கம்பளி மயிர் வாங்கினார். பெண்கள் நூற்றனர், நெய்தனர். முகவாட்டம் நீங்கி வீடு கலகலப்பாயிற்று. இந்த வீட்டில் வேலை செய்யாமல் உண்பவர் நீர் ஒருவர்தான் என்று பெண்கள் அரிஸ்டார்க்கஸைக் கேலி செய்யும் அளவிற்கு நிலை மாறியது! உழைத்து உண்போரை இழிவாக நோக்கிய ஓர் ஊரில் இவ்வாறு பேசத் துணிவு வேண்டும். ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்நகரில் அடிமைகள் ஆயிரமாயிரவர் இருந்தனர். வெள்ளிச் சுரங்கங்களில் மாண்டனர். எல்லாவற்றையும் வினவிய பெரியார், அடிமை முறையே தகுமா என்று வினவியதாக அவர் மாணாக்கர் எவரும் எழுதவில்லை.

அவர் ஏன் இவ்வாறு வினவித் திரிந்தார்? கைரிபோன் என்னும் நண்பர் டெல்பிக் கோயிலுக்குச் சென்று, சாக்ரட்டீசைவிட அறிவுடையார் உண்டா என்று குறி கேட்டார். இல்லை என்று விடை வந்தது. சாக்ரட்டீஸ் திகைத்தார். தம்மினும் அறிவுடைய ஒருவரைக் கண்டுபிடித்துவிட எண்ணி, அரசியல் தலைவர்களையும், கவிஞர்களையும், கைவினைஞர்களையும் நாடிச் சென்று வினவினார். தலைவர்கள் ஒன்றும் அறியாமலே எல்லாம் அறிந்தவராக எண்ணிக்கொண்டிருந்தனர். கவிஞர்களால் தம் பாடலுக்கே பொருள் சொல்ல இயலவில்லை. கைவினைஞர்கள் தம் தொழிலை உண்மையாகவே அறிந்திருந்தனர். ஆனால் அதனாலேயே மற்றவற்றையும் அறிந்ததாக நினைத்தனர். தமக்குத் தெரியாது என்பதைத் தெரிந்திருப்பது ஒன்றே தம் சிறப்பு என்று அவர் முடிவுக்கு வந்தார். கூட்டத்தின் நடுவே அறியாமை வெளிப்பட்ட பெரிய மனிதர்கள் அவரை மன்னிக்கவில்லை. இளைஞர்களோ அதனைக் கண்டு மகிழ்ந்து, தாமும் வீடு சென்று அவ்வாறே வினவத் தொடங்கினர். தந்தையர் சினங்கொண்டதில் வியப்பென்ன?

பகை வளர்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. கி.மு. 406-இல் கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகள் மீது, புயலில் மூழ்கியோரை மீட்கத் தவறினர் என்று குற்றம் சாட்டி, அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் ஆரவாரம் செய்தனர். அது சட்டத்திற்கு முரண் என்று சாக்ரட்டீஸ் கூட்டத்தை எதிர்த்து நின்றார். ஆயினும் ஏதென்சில் இருந்த தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். பின்னர் மக்களே அதற்கு வருந்தினர். இரண்டு ஆண்டுகள் கழித்து முப்பதின்மர் கொடுங்கோல் ஆட்சி வந்தது. லியோன் என்னும் குற்றமற்ற மனிதரைக் கொலைக்குப் பிடித்து வருமாறு ஐவருக்குக் கட்டளை பிறந்தது. நால்வர் சென்றனர்; ஐந்தாமவராகிய சாக்ரட்டீஸ் நேரே தம் வீட்டிற்குப் போய்விட்டார். மக்கள் கூட்டத்திற்கும் அவர் பணியவில்லை, கொடுங்கோலருக்கும் பணியவில்லை. ஆனால் அம்முப்பதின்மருள் கொடியவனான கிரிட்டியாசும், நாட்டுக்கு இரண்டகம் செய்த அல்சிபியாடிசும் முன்னர் அவரோடு பழகியவர்கள் என்பதை ஊரார் மறக்கவில்லை.

கி.மு. 399-இல் மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கோன் ஆகிய மூவர் வழக்குத் தொடுத்தனர். நகரத்துத் தெய்வங்களை ஏற்காமை, புதிய தெய்வங்களைப் புகுத்தியமை, இளைஞர்களைக் கெடுத்தமை ஆகியன குற்றங்கள். ஏறத்தாழ 500 குடிமக்கள் நடுவர்களாக அமர்ந்தனர். ஒரே நாளில் வழக்கு முடிந்தது. பிள்ளைகளை அழைத்து வந்து அழச் செய்து இரக்கம் தேடுவது அங்கு வழக்கம். சாக்ரட்டீஸ் அதனைச் செய்யவில்லை. இன்னும் முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார். தமக்குரிய தண்டனையைத் தாமே கூறுமாறு கேட்டபொழுது, நகர மண்டபத்தில் தமக்கு வாழ்நாள் முழுதும் உணவளிப்பதே தகும் என்றார். எழுபது வயதில் அத்தகைய நகைச்சுவை! பின்னர், பிளேட்டோவும் கிரீட்டோவும் மற்ற நண்பர்களும் பிணை நிற்க முன்வந்ததால், முப்பது மினா தண்டம் செலுத்துவதாகக் கூறினார். நடுவர்கள் மரண தண்டனையே விதித்தனர்.

டீலோஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும் வரை எவரையும் கொல்லலாகாது என்பது நகர மரபு. அதனால் ஒரு திங்கள் அளவு சிறையிருந்தார். ஒரு நாள் விடியுமுன் கிரீட்டோ சிறைக்குள் வந்தார். இருவரும் ஒரே ஊர்ப் பகுதியினர், ஒத்த வயதினர், வாழ்நாள் நண்பர். சாக்ரட்டீஸ் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமின்றிக் கிரீட்டோ நெடுநேரம் அருகே வாளா அமர்ந்திருந்தார். விழித்ததும், காவலருக்குப் பணம் தந்தாயிற்று, வேற்றூரில் தங்க இடமும் உண்டு, பிள்ளைகளை எண்ணியாவது தப்பி வருக என்று மன்றாடினார். நண்பனைவிடப் பணத்தைப் பெரிதாக எண்ணிக் காப்பாற்றாமல் விட்டான் என்று உலகம் தம்மைத் தூற்றுமே என்றும் கலங்கினார். சாக்ரட்டீஸ் அப்பொழுதும் வினவினார். நமக்குத் தீங்கு செய்தோர்க்கு நாம் தீங்கு செய்யலாமா? எழுபது ஆண்டுகள் ஒரு நகரத்தின் சட்டத்தின்கீழ் வாழ்ந்துவிட்டு, தீர்ப்பு தமக்கு எதிராக வந்தவுடன் அதனை மிதித்து ஓடலாமா? கிரீட்டோவிடம் விடை இல்லை. அவர் பக்கம் நியாயம் சிறிதும் இல்லையென்று கூற நமக்கு மனம் வரவில்லை. சிறு பிள்ளைகள் இருவர் வீட்டில் இருந்தனரே.

இறுதி நாள் விடிந்தபொழுது சாந்திப்பி அம்மையார் கைக்குழந்தையுடன் அருகிலிருந்து கதறினார். நண்பர்கள் பகல் முழுவதும் உயிரின் இயல்பைப் பற்றி அவரோடு உரையாடினர். அவர் கருத்தையே மறுத்துப் பேசுமாறு அவர்களை ஊக்கினார், மறுத்தும் பேசினர். மாலையில் தாமே நீராடி வந்தார். இறந்தபின் உடலைக் கழுவும் வேலை பெண்களுக்கு வேண்டாம் என்பதற்காக. சிறைக்காவலன் விடைபெறும்போது அழுதுவிட்டான். ஹெம்லாக் என்னும் செடியின் நஞ்சைக் கலக்கமின்றி வாங்கி அருந்தினார். அதுவரை அடக்கியிருந்த நண்பர்கள் வாய்விட்டு அழ, அவர்களை அமைதிப்படுத்தினார். கால்கள் மரத்தன, குளிர்ச்சி மேலேறியது. அஸ்கிளிப்பியஸ் தெய்வத்திற்கு ஒரு சேவற்கோழி கடன் உண்டு, மறவாமல் செலுத்துக என்று கிரீட்டோவிடம் சொன்னார். வேறு ஏதேனும் உண்டா என்று கிரீட்டோ கேட்டதற்கு மறுமொழி வரவில்லை. கிரீட்டோ நண்பரின் வாயையும் கண்களையும் மூடினார்.

அன்று சிறையில் உடனிருந்த ஏதென்ஸ் நகரத்து நண்பர்களின் பெயர்களைப் பிளேட்டோ தம் நூலில் வரிசையாகத் தந்திருக்கின்றார். அவ்வரிசையின் இறுதியில் தம் பெயரையும் எழுதி, உடல்நலமின்மையால் பிளேட்டோ அங்கு இல்லை என்று குறித்திருக்கின்றார்.